மன்கோபா வரைந்தது அரூபமா?

சாட்ஸ்வொர்த்_வாசகன்:
தென்னாப்பிரிக்கக் கறுப்பினக் கலைஞர் எர்னஸ்ட் மன்கோபாவை (1904–2002) ஆப்பிரிக்க அரூப ஓவியத்தின், அதாவது உருவம் காட்டாத ஓவியத்தின், முன்னோடி என்கிறார்கள். 1940இல் பாரிசில் வரைந்த ‘கம்போசிஷன்’ படத்தை வைத்துத்தான் இந்தப் பேச்சு. அதில் முகமூடி மாதிரி ஒரு முகம் பளிச்சென்று தெரிகிறது. முகம் தெரிந்தால் அப்புறம் என்ன அரூபம்?

பிரஷ்_அக்கா:
அண்ணா, ஒரு படத்தோடு நிறுத்திவிட்டீர்கள். பிற்கால ஓவியங்களைப் பாருங்கள். தலை, உடம்பு, இரண்டு கால், அவ்வளவுதான் மிச்சம். அதுவும் தீற்றல்களுக்குள் கரைகிறது. தள்ளி நின்றால் ஆள், கிட்டே போனால் வெறும் வண்ணம்.

சாட்ஸ்வொர்த்_வாசகன்:
ரஷ்ய ஓவியர் மாலெவிச் 1915லேயே வெறும் கறுப்புச் சதுரத்தை ஓவியமென்று மாட்டிவிட்டார். 25 வருடம் கழித்து வந்தவர் முன்னோடியா?

பிரஷ்_அக்கா:
ஜோகன்னஸ்பர்க் சுரங்கத் தொழிலாளியின் மகனுக்கு அந்த அளவுகோலா? 1929இல் அவர் செதுக்கிய ‘பாண்டு மடோனா’வில் மாதாவுக்குக் கறுப்பினப் பெண்ணின் முகம். பிறகு அரசுத் தரப்பில் வேலை தருகிறோம் என்றார்கள்: சுற்றுலாக்காரர்களுக்கு விற்க ‘சுதேசி’ பொம்மை செய்ய வேண்டும். மாட்டேன் என்றார். 1938இல் ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார்.

பீனிக்ஸ்_பையன்:
கப்பலேறினார், அதுதான் எனக்குக் கோபம். இங்கேயே கிடந்து அடி வாங்கியவர்களை யார் முன்னோடி என்றார்கள்?

பிரஷ்_அக்கா:
தம்பி, போன இடத்தில் விருந்தா வைத்தார்கள்? போரில் பாரிசைப் பிடித்த ஜெர்மானியர், பிரிட்டிஷ் பிரஜை என்று அவரைப் பக்கத்திலிருந்த செயின்ட் டெனி முகாமில் அடைத்தார்கள். டேனிஷ் சிற்பி சோன்யா ஃபெர்லோவோடு கல்யாணமே அங்கேதான், 1942இல். இங்கே தென்னாப்பிரிக்காவில் 1949இல் கலப்புமணத் தடைச் சட்டம். வெள்ளைக்கார மனைவியை அழைத்துக்கொண்டு எந்த வீட்டுக்கு வருவார்? கோப்ரா என்ற ஐரோப்பிய ஓவியர் குழுவினரோடு சேர்ந்து கண்காட்சியில் படம் வைத்தார். அந்தக் குழுவின் வரலாற்றை எழுதியவர்களும் அவரை ரொம்ப காலம் விட்டுவிட்டார்கள்.

பீனிக்ஸ்_பையன்:
சட்டம் விஷயம் சரி அக்கா, நான் யோசிக்கவில்லை. 1994இல் ஜோகன்னஸ்பர்க் கலைக்கூடத்தில் இருவர் படைப்பையும் வைத்தபோது சோன்யா உயிரோடு இல்லை.

சாட்ஸ்வொர்த்_வாசகன்:
வாழ்க்கைக் கதை எல்லாம் சரி. என் கேள்வி அப்படியே நிற்கிறது.

பிரஷ்_அக்கா:
எங்கள் அப்பா கோயில் சுதைகளுக்கு வர்ணம் பூசுவார். கண்ணைக் கடைசியில்தான் எழுதுவார். அதுவரை சிலையின் தோளில் பெயின்ட் டப்பாவை வைத்துக்கொண்டு வேலை செய்வார். கண் எழுதியதும் டப்பா தரைக்கு வந்துவிடும், பேச்சும் குறைந்துவிடும். மன்கோபாவின் உருவங்கள் அந்தக் கடைசி நிமிடத்துக்கு முன்னால் நிற்கின்றன என்று எனக்குத் தோன்றும்.

சாட்ஸ்வொர்த்_வாசகன்:
நன்றாகச் சொன்னாய் தங்கச்சி. ஆனால் கண் எழுதாத அம்மனும் அம்மன்தானே? அதை அரூபம் என்று நான் எழுதமாட்டேன்.