லோகோ ஓரத்தில் கறுப்புக் கோடு: ஆல்ஃபா உங்களை எங்கே கடித்தது?

#1
பிஎன்ஜி லோகோவைச் சின்னதாக்கினால் ஓரத்தில் அந்த அழுக்குக் கோடு வருமே, அதுதான். ஆல்ஃபா என்பது பிக்சல் பின்னணியை எவ்வளவு மறைக்கிறது என்று சொல்லும் எண்: 0 என்றால் காலி, 255 என்றால் முழுசு. பிஎன்ஜியில் நிறம் ஆல்ஃபாவால் (அதாவது ஆல்ஃபா/255-ஆல்) பெருக்கப்படாமல் இருக்கும். அதை அப்படியே ரீசைஸுக்குள் விட்டால் வினை. சிவப்பு, பச்சை, நீலம், ஆல்ஃபா என்ற வரிசையில் ஒரு சிவப்புப் பிக்சல் (255,0,0,255), பக்கத்தில் காலி (0,0,0,0). சராசரி (128,0,0,128). வெள்ளை மேல் வைத்தால் 191,127,127. வர வேண்டியது 255,127,127. கண்ணுக்கே தெரியாத பிக்சலின் கறுப்பும் கூட்டலில் சேர்ந்துவிட்டது.

#2
வேடிக்கை என்னவென்றால், முதலிலேயே பெருக்கிவிட்டுச் சராசரி எடுத்தாலும் அதே (128,0,0,128)தான் வரும்! எண் ஒன்று, அர்த்தம் வேறு. ஆகவே இரண்டுக்கும் ஒரே டைப் வைக்காதீர்கள். கோ மொழியில் ஆர்ஜிபிஏ என்றால் பெருக்கியது, என்ஆர்ஜிபிஏ என்றால் பெருக்காதது. உள்ளே எல்லாவற்றையும் பெருக்கியே வைத்துக்கொண்டால் தொல்லை விட்டது.

#3
எங்கே விட்டது? 8 பிட்டில் (0 முதல் 255 வரை முழு எண்கள்தான்) ஆல்ஃபா 3, சிவப்பு 200 என்று வையுங்கள். பெருக்கினால் 2. திரும்ப வகுத்தால் 170. ஆல்ஃபா 3-க்கு மொத்தமே 0, 85, 170, 255 என்று நாலே படிகள். ஆல்ஃபா 0 என்றால் நிறம் போயே போச்சு. உள்ளே பெருக்கியே வைக்கும் பிரவுசர் கேன்வாஸில் (பக்கத்தில் படம் வரையும் பகுதி) எழுதிய பிக்சலைத் திரும்பப் படித்தால் எண் மாறி நிற்பது இதனால்தான். கோப்பைத் திறந்து மூடுவதற்கு மட்டும் பெருக்கவே கூடாது.

#4
#3 சொல்வது 8 பிட்டுக்குச் சரி. 16 பிட்டிலோ ஃப்ளோட்டிலோ இவ்வளவு அடி விழாது. யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பெருக்கியபின் 255-ஆல் வகுக்கச் சோம்பல்பட்டு 8 பிட் வலதுபக்கம் தள்ளுகிறார்கள். 255×255 = 65025, தள்ளினால் 254. லேயர் ஏற ஏற வெள்ளை மங்கிக்கொண்டே போகும். பெருக்கியதோடு 128 கூட்டுங்கள், அதை 8 பிட் தள்ளி வருவதை அதனோடேயே கூட்டுங்கள், மறுபடி 8 தள்ளுங்கள்: 255 வரும். அடுத்தது லாங்க்சோஸ், அதாவது அக்கம்பக்கப் பிக்சல்களுக்கு எடை போட்டுக் கூட்டும் ஒரு ரீசைஸ் முறை. அதன் எடைகளில் மைனஸும் உண்டு என்பதால், பெருக்கிய நிறம் ஆல்ஃபாவைத் தாண்டிவிடும். 255-இல் வெட்டினால் போதாது, ஆல்ஃபா அளவில் வெட்டவேண்டும். இல்லாவிட்டால் திரும்ப வகுக்கும்போது 8 பிட் நிரம்பி வழிந்து, ஓரத்தில் சம்பந்தமே இல்லாத நிறப் புள்ளிகள் தெறிக்கும். ஆல்ஃபா 0-ஆல் வகுக்காமல் நேராக நாலு பூஜ்யம் போடுங்கள்.

#5
கணக்கெல்லாம் சரி. ஆல்ஃபா இல்லாத ஜேபெக்குக்கு மாற்றும்போது? பைத்தானின் பட லைப்ரரியான பில்லோவில் ஆர்ஜிபிக்கு கன்வர்ட் செய்தால் ஆல்ஃபாவைக் கழற்றி எறிந்துவிடும், பின்னணியோடு கலக்காது. ஒரு ரசீதுப் படத்தில் ஃபோன் நம்பரை அழிப்பான் தொட்டு அழித்திருந்தது. அந்தக் கருவி ஆல்ஃபாவை மட்டும் 0 ஆக்கி, நிறத்தை அப்படியே விட்டுவைத்திருக்கிறது. ஜேபெக்கில் பத்து இலக்கமும் பளிச்.

#6
அதனால்தான் ஜேபெக் சேமிக்கும் ஃபங்ஷனில் பின்னணி நிறத்தைக் கட்டாய ஆர்க்யுமெண்டாக வைக்கவேண்டும். டீஃபால்ட் கூடாது, வெள்ளைகூட.