தண்டவாளத்தை ஒட்டி கயோட்டி வேட்டை: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. அமெரிக்காவில் ஒரு பண்ணையில் கயோட்டி (ஓநாய் இனத்தைச் சேர்ந்த சிறிய காட்டு விலங்கு) வேட்டையாட உரிமையாளர் அனுமதி தந்திருக்கிறார். மாடுகள் கன்று போடும் காலம் நெருங்குகிறது, அவருக்கு அந்தக் கவலை. நிலத்தின் வடக்கு எல்லை முழுக்க ரயில் பாதை. சரக்கு ரயில்கள் ஓடிக்கொண்டே இருக்கும். கயோட்டிகளுக்கு அதுதான் ராஜபாட்டை. ரயிலில் அடிபட்ட மான் கிடைக்குமே!

தண்டவாளமும் அதன் இருபுறத்து நிலமும் ரயில் கம்பெனிக்குச் சொந்தம், கால் வைத்தாலே அத்துமீறல் என்று தெரியும். அங்கே ஏறப்போவதில்லை. என் குழப்பம் வேறு. கயோட்டியை வரவழைக்கும் ஒலிக் கருவியில் முயல் அலறலைப் போட்டால், விலங்கு சரியாகப் பாதை மேட்டின் உச்சியில் வந்து நிற்கிறது. பின்னால் வெறும் வானம். சுட மனம் வரவில்லை. என் .223 ரைஃபிள் குண்டு, தடுக்க எதுவும் இல்லாவிட்டால் 2 கிலோமீட்டருக்கு மேல் போகும். ஜல்லியிலோ இரும்பிலோ பட்டால் எந்தப் பக்கம் தெறிக்குமோ.

மேட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வயல் பக்கமாக மட்டும் சுடலாமா? ஆனால் வடகாற்று அடித்தால் என் வாடை முழுக்க வயலுக்குள் போய்விடும், கயோட்டி காற்று வீசிப் போகும் பக்கமாகச் சுற்றி வந்து மோப்பம் பிடிக்காமல் நெருங்காது. அடிபட்டது பாதைக்குள் ஓடி விழுந்தால் என்ன செய்வீர்கள்? ரயில் கடந்த உடனே கூப்பிட்டுப் பார்த்தவர்கள் உண்டா?