மைன்கிராஃப்ட் சர்வர்: கோப்பு இருக்கிறது, ஆனால் சிஸ்டம்டி-யில் ஓட்டினால் இல்லை என்கிறது

வெட்டுக்கிளி:
வணக்கம். உபுண்டுவில் ஜாவா பதிப்பு மைன்கிராஃப்ட் சர்வர் வைத்திருக்கிறேன், எல்லாம் /ஆப்ட்/மைன்கிராஃப்ட் ஃபோல்டரில். அந்த ஃபோல்டருக்குள் போய் சூடோ போட்டு (அதாவது ரூட் என்ற நிர்வாகி யூசராக) ஓட்டினால் பழைய உலகம் அப்படியே வருகிறது. மெஷின் ரீஸ்டார்ட் ஆனாலும் தானாக ஓடட்டும் என்று சிஸ்டம்டி (லினக்ஸில் ப்ரோக்ராம்களைப் பின்னணியில் ஓட்டி நிர்வகிப்பது) சர்வீஸ் எழுதி, அதற்கு "மைன்கிராஃப்ட்" என்று தனி யூசரும் போட்டேன். இப்போது ஜர்னலில் (சிஸ்டம்டி-யின் பதிவில்) "சர்வர்.ப்ராப்பர்ட்டீஸ்: நோ சச் ஃபைல்" என்று வருகிறது. அப்புறம் யூலாவை (பயனர் ஒப்பந்தத்தை) ஏற்கச் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. இரண்டு கோப்பும் ஃபோல்டரில் இருக்கின்றன. எக்ஸெக்ஸ்டார்ட்டில் (சர்வீஸ் ஓட்ட வேண்டிய கட்டளை வரியில்) ஜாருக்கு, அதாவது சர்வர் ப்ரோக்ராம் கோப்புக்கு, முழுப் பாதை கொடுத்திருக்கிறேன். வேறென்ன பார்ப்பது?

பனங்காய்:
யூலா கோப்பில் ட்ரூ என்று மாற்றிப் பாருங்கள் ப்ரோ. வரவில்லையென்றால் ஜாரை மறுபடி டவுன்லோட் செய்யுங்கள்.

கறுப்புத்திரை:
ஜாரில் கை வைக்க வேண்டாம். அது கிடைத்ததால்தான் சர்வர் இவ்வளவாவது பேசுகிறது. மைன்கிராஃப்ட் தன் கோப்புகளை ஜார் இருக்கும் இடத்தில் தேடாது, எந்த ஃபோல்டரில் நின்று ஓடுகிறதோ அங்கேதான் தேடும். நீங்கள் கையால் ஓட்டும்போது அது /ஆப்ட்/மைன்கிராஃப்ட். சிஸ்டம்டி-யிடம் ஒன்றும் சொல்லாவிட்டால் அது வெறும் "/", எல்லாவற்றுக்கும் மேல்மட்ட ஃபோல்டர். அங்கே ஏது யூலா?

[சர்வீஸ்] பகுதியில் வொர்க்கிங்டைரக்டரி=/ஆப்ட்/மைன்கிராஃப்ட் என்று சேர்த்து, டீமன்-ரீலோட் (மாற்றிய சர்வீஸ் கோப்பை சிஸ்டம்டி மறுபடி படிக்க), பிறகு ரீஸ்டார்ட்.

தனி யூசர் போட்டதும் நல்லதாகப் போயிற்று. ரூட்டாக ஓடியிருந்தால் "/"-இலேயே புது யூலா கோப்பை எழுதி வைத்திருக்கும். அதில் ட்ரூ போட்டிருந்தால் எந்தப் பிழையும் காட்டாமல் அங்கேயே புது உலகம் ஒன்றை உருவாக்கியிருக்கும். சர்வர்.ப்ராப்பர்ட்டீஸில் உலகத்தின் பெயரைச் சொல்லும் லெவல்-நேமில் ஒரு எழுத்து தவறினாலும் இதே கதைதான்: பழைய உலகம் வட்டில் பத்திரமாக இருக்கும், உள்ளே வருகிறவர்களோ வெறும் காட்டில் நிற்பார்கள்.

வெட்டுக்கிளி:
ப்ராப்பர்ட்டீஸ், யூலா இரண்டும் லோட் ஆகிவிட்டன, நன்றி அண்ணா. இப்போது வேறு இடத்தில் நிற்கிறது: "ஆக்சஸ் டினைட் எக்ஸெப்ஷன்: ./வேர்ல்ட்/செஷன்.லாக்".

பனங்காய்:
அந்த லாக் கோப்பை டெலீட் செய்துவிட்டு எல்லாவற்றுக்கும் 777 போடுங்கள்.

கறுப்புத்திரை:
777 என்றால் யார் வேண்டுமானாலும் கோப்புகளை மாற்றலாம்; வேண்டாம், தயவுசெய்து. செஷன்.லாக்கை அழித்தும் பயனில்லை; புது பதிப்புகளில் அதற்குள் ஒரு பனிமனிதன் எழுத்துக்குறி மட்டும்தான் இருக்கும். வேறொரு சர்வர் அதே உலகத்தைத் திறந்து வைத்திருந்தால் "ஆல்ரெடி லாக்ட்" என்று வந்திருக்கும். இது அனுமதிச் சிக்கல். எல்எஸ் -எல் போட்டுப் பாருங்கள், உரிமையாளர் யார்?

வெட்டுக்கிளி:
லெவல்.டாட், செஷன்.லாக், ரீஜன் (உலகத்தின் நிலப்பரப்பு) கோப்புகள் எல்லாமே ரூட்.

கறுப்புத்திரை:
சூடோ போட்டு ஓட்டியதால் வந்தது. புது யூசரால் அவற்றைப் படிக்க முடியும், எழுத முடியாது. சர்வரை நிறுத்துங்கள், வேர்ல்ட் ஃபோல்டரை வேறிடத்தில் ஒரு நகல் எடுங்கள், பிறகு உரிமையாளரை மாற்றுங்கள்:

சூடோ சௌன் -ஆர் மைன்கிராஃப்ட்:மைன்கிராஃப்ட் /ஆப்ட்/மைன்கிராஃப்ட்

வெட்டுக்கிளி:
வந்துவிட்டது! எங்கள் கோட்டையும் ஆட்டுக்கொட்டகையும் அப்படியே இருக்கின்றன. எப்போதாவது சோதித்துப் பார்க்கக் கையால் ஓட்டலாமா?

கறுப்புத்திரை:
ஓட்டலாம், முதலில் சர்வீஸை நிறுத்திவிட்டு. வெறும் சூடோ கூடாது. புதிதாக உருவாகும் ரீஜன் கோப்புகள் மறுபடி ரூட் பேரில் போய்விடும். சூடோ -யூ மைன்கிராஃப்ட் என்று, அந்த யூசராகவே ஓட்டுங்கள்.