நாரி ஒப்பரேசன் செய்யிறதோ விடுறதோ, அனுபவப்பட்டவை சொல்லுங்கோ

பரந்தன் பெடியன்:
ஐயாவுக்கு நாரியில, எல் 4 - எல் 5 எண்டுற ரெண்டு முள்ளெலும்பு இருக்கிற இடத்தில, நரம்பு போற முள்ளந்தண்டுக் கால்வாய் ஒடுங்கியிருக்கும் எண்டு சொல்லி எம்.ஆர்.ஐ ஸ்கானுக்குத் திகதி தந்திருக்கினம், அதில தெரிஞ்சா ஒப்பரேசன்தானாம். படலையில இருந்து றோட்டுக்கு நடந்தா ரெண்டு காலும் விறைச்சு மதகில குந்தீடுவார், ஆனா சைக்கிள்ல வயலுக்குப் போட்டு வருவார், சனம் நடிக்கிறார் எண்டு கதைச்சது, நானும் ஒருநாள் "சைக்கிள் ஓடேலும், நடக்கேலாதோ" எண்டு கத்திப்போட்டன். ஒண்டும் சொல்லேல்ல, ஹாண்டில்ல நெத்தியை வைச்சுக்கொண்டு நிண்டவர். பிறகுதான் டொக்டர் சொன்னவர், முன்னுக்குக் குனிஞ்சா அந்த இடைவெளி கொஞ்சம் விரியும், நிமிந்து நடந்தா நரம்பை நெரிக்கும், இந்த வருத்தத்தின்ர குணமே அதுதான் எண்டு. ஐயா வெட்டுவம் எண்டுறார், அம்மா வேண்டாம் எண்டுறா. எனக்கு அந்த ஹாண்டில்தான் கண்ணுக்குள்ள நிக்குது.

முள்ளியவளை அக்கா:
எங்கட அம்மா எம்.ஆர்.ஐ வாசலோட திரும்பினவ. "உடம்பில இரும்பு ஏதும் இருக்கோ" எண்டு கேக்க, சீலையை விலத்தி இடுப்புத் தழும்பைக் காட்டினவ, 2009 சண்டையில பட்ட ஷெல் பீஸ். அந்தப் பிள்ளை பேனையை அப்பிடியே வைச்சிட்டுது. எம்.ஆர்.ஐ மெசின்ர காந்தம் இழுத்து பீஸ் அசைஞ்சா ஆபத்தாம், எக்ஸ்ரே பாத்திட்டு சி.டி ஸ்கான்தான் எடுத்தவை. எங்கட பக்கத்து ஆக்கள் இதை முதலே சொல்லிப்போடுங்கோ. ஒப்பரேசன் முடிஞ்சு இப்ப கோயில் மட்டும் நடக்கிறா, கால் நோ போட்டுது, நாரி நோ இன்னும் இருக்கு.

மாங்குளம் அண்ணை:
அக்கா, அம்மா நடக்கிறது சந்தோசம், ஆனா அதைப் பாத்திட்டு எல்லாரும் வெட்டக் குடுக்கேலாது. எனக்கும் இதே இடந்தான், நான் வெட்டேல்ல, ஒண்டரை வருசமா பிசியோதெரபி, இப்ப கடைக்கு நடந்து போறன். தம்பி, டொக்டரிட்டைக் கேளுங்கோ, எலும்பை வெட்டி நரம்புக்கு இடம் விடுறது மட்டுமோ, ஸ்குரூவும் போடுறதோ எண்டு. முள்ளெலும்பு முன்னுக்கு வழுக்கியிருந்தா ஸ்குரூக் கதை வரும், இல்லாட்டிக் கனபேருக்குத் தேவையில்லை. சீனி வருத்தம் இருந்தா முதல் அதைக் கட்டுப்படுத்துங்கோ, காயம் ஆறப் பிந்தும். சிகரெட் எண்டா விடச் சொல்லுங்கோ. அநேகமா இது அவசரமா வெட்டுற வருத்தமில்லை, யோசிக்க நேரமிருக்கு, ஆனா சலம் அடைச்சா, குந்துற இடம் மரத்துப்போனா, பாதம் தூக்கேலாம விழுந்தா அண்டிரவே கொண்டு ஓடுங்கோ, விடியட்டும் எண்டு பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ. அம்மாவையும் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ, அவவின்ர பயத்தை அவவே டொக்டரிட்டைக் கேக்கட்டும்.

பரந்தன் பெடியன்:
அக்கா, உங்கடதை வாசிச்சிட்டு ஐயாட்டைக் கேட்டன். தோள்பட்டைக்குப் பின்னால ஒண்டு இருக்காம். அம்மாவுக்குத் தெரியுமாம், எனக்குத்தான் சொல்லேல்ல. நாளைக்கே கிளினிக்கில போய்ச் சொல்லப்போறன்.