பாம்பன் வீட்டார் குழு: ழா வந்த இரவு

நிவேதா (இரவு 8:04): கல்லூரி இதழுக்கு எழுதிய கதையை அனுப்பியிருக்கிறேன். வேற்றுக்கிரகப் போர்விமானி, பெயர் ழா. 42 விமானங்களை வீழ்த்தியவள். படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

மேரி அத்தை (8:06): படிக்கிறேன்மா. அதற்கு முன்னால், என் ஐஸ் பெட்டியை எடுத்துப் போனது யார்?

சேவியர் சித்தப்பா (8:15): பெயரை மாற்று. இங்கே பாதிப் பேர் ளா என்றுதான் வாசிப்போம்.

ஜெரால்டு (8:21): முதல் உலகப் போரில் ஐந்து விமானத்தை வீழ்த்தினாலே ‘ஏஸ்’ என்றார்கள். ஜெர்மனியின் ரிக்தோஃபன் கணக்கு 80. நம் கல்கத்தாப் பையன் இந்திரலால் ராய் 1918 ஜூலையில் இரண்டு வாரத்துக்குள் 10. அந்த மாதமே செத்தும் போனான். வயது 19.

மேரி அத்தை (8:22): 19ஆ! பெற்றவள் என்ன பாடுபட்டாளோ.

ஜெரால்டு (8:25): நிவே, உச்சிப்புளியில் இருக்கிற கடற்படையின் பருந்து விமானத் தளத்திலிருந்து போர்விமானம் கிளம்புவதாக எழுதியிருக்கிறாய். அங்கே கடலைக் கண்காணிக்கிற விமானமும் ஹெலிகாப்டரும்தான். தஞ்சாவூரிலிருந்து கிளப்பு. 2020இல் சுகோய் போர்விமான அணி அங்கேதான் வந்தது.

நிவேதா (8:26): சரி, மாற்றுகிறேன்.

ஜெரால்டு (8:29): அப்புறம், ‘கண்ணிமைக்கும் நேரத்தில் திரும்பினாள்’. அந்த வேகத்தில் வெட்டித் திரும்பினால் இரத்தம் காலுக்கு இறங்கிவிடும், மூளைக்கு ஏறாது. கண் இருண்டு மயக்கம்தான். அழுத்த உடை போட்டுப் பழகிய விமானியே 9 ஜி, அதாவது தன் எடையைப் போல 9 மடங்கு அளவுக்குத்தான் தாங்குவார், அதுவும் சில நொடி. 70 கிலோ ஆள் 630 கிலோ கனப்பது மாதிரி.

நிவேதா (8:30): அவள் மனுஷி இல்லையே அண்ணா.

ஜெரால்டு (8:30): பின்னே என்ன உடம்பு? பச்சைத் தோல், பெரிய கண் என்று விட்டுவிட்டாய்.

சேவியர் சித்தப்பா (8:37): பேய்க்கணவாய் மாதிரி வை, அதுதான் ஆக்டோபஸ். எலும்பு கிடையாது. நம் கை நுழையாத இடுக்கில் முழுசாக நுழைந்துவிடும். இடத்துக்கு ஒரு நிறம் காட்டும்.

ஜெரால்டு (8:39): சித்தப்பா!! அதற்கு மூன்று இருதயம். இரண்டு செவுளுக்கு, ஒன்று உடம்புக்கு. நிவே, விமானி அறை முழுக்கக் கடல்தண்ணீரை நிரப்பிவிடு. எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர் உடம்பைச் சுற்றி நின்று தாங்கிக்கொள்ளும். நமக்கு நுரையீரலில் காற்று இருப்பதால் அந்த வித்தைக்கும் எல்லை உண்டு. அவளுக்குச் செவுள்.

நிவேதா (8:41): அப்படியானால் அவளை யாராலும் பிடிக்க முடியாது.

சேவியர் சித்தப்பா (8:48): வேகத்தை விடு. பெட்டைப் பேய்க்கணவாய் முட்டை வைத்துவிட்டால் பொந்தை விட்டு அசையாது. இரை எடுக்காது. முட்டைக்குத் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே கிடக்கும். குஞ்சு பொரிந்ததும் செத்துவிடும். ஒருமுறை கடலடிப் பாறைப் பாரில் முங்கியபோது அப்படி ஒன்றைக் குத்திப் பார்த்தேன். கம்பியைப் பிடித்து இழுத்ததே தவிர வெளியே வரவில்லை. நான்தான் பயந்து மேலே வந்தேன்.

நிவேதா (8:50): அப்போது ழா வைத்த முட்டை?

ஜெரால்டு (8:50): அந்த அறைக்குள்ளேயே. அதே தண்ணீரில்.

நிவேதா (8:52): ஐயோ. சுடப் போகிறவனுக்கு அது தெரியுமா, தெரியாதா?

மேரி அத்தை (9:10): அம்மாவுக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். அந்தப் பிள்ளை சாப்பிட்டு எத்தனை நாளாகிறது என்று கேட்கிறார்கள்.

நிவேதா (9:14): அதை எழுதவே இல்லை அத்தை. அப்பத்தா கேட்டதைத்தான் முதல் வரியாக வைக்கப்போகிறேன்.

சேவியர் சித்தப்பா (9:31): ஐஸ் பெட்டி என் வள்ளத்தில் இருக்கிறது. காலையில் கழுவிக் கொண்டுவருகிறேன்.