வாசிகசாலையில் சொந்தக் கதை சொல்லும் மாலை: வேண்டுமா, வேண்டாமா?

கோண்டாவில் வாசகன்:
எங்கள் வாசிகசாலையில் மாதம் ஒரு மாலை, ஆறேழு பேர் தங்கள் வாழ்வில் உண்மையாக நடந்த ஒன்றைச் சபைக்கு முன் சொல்வது என்று யோசித்திருக்கிறோம். ஆளுக்கு ஐந்து நிமிடம். கையில் தாள் கூடாது. அடுத்தவர் கதை வேண்டாம், சொந்தக் கதைதான். 1997இல் நாவலாசிரியர் ஜோர்ஜ் டோஸ் கிரீன் நியூயோர்க்கில் தன் வீட்டு வரவேற்பறையில் தொடங்கிய 'த மொத்' நிகழ்வைப் பார்த்து எடுத்த விதிகள் இவை. ஜோர்ஜியா மாநிலத்தில் நண்பர் வீட்டு விறாந்தையில் இரவிரவாகக் கதை பேசிய பழக்கத்தை நகரத்துக்குக் கொண்டுபோகப் பார்த்தாராம். விறாந்தை எங்களிடமும் இருக்கிறது. கருத்துச் சொல்லுங்கள்.

பழைய அங்கத்தவர்:
தம்பி, நியூயோர்க்கில் ஒருவர் தன் மாமியைப் பற்றிச் சொன்னால் கேட்பவர்களுக்கு அது யாரோ ஒரு மாமி. இங்கே மாமி மூன்றாவது வரிசையில் இருப்பார். அவர் வராவிட்டால் அவருடைய ஒன்றுவிட்ட தங்கை வந்திருப்பார். பெயரை மறைத்தும் பயனில்லை. 'கோயிலடி ஒழுங்கையில் நீலப் படலை வீடு' என்றதுமே சபைக்கு விளங்கிவிடும். சொந்தக் கதை என்கிறீர்கள். எந்தக் கதை ஒருவருக்கு மட்டும் சொந்தம்?

உடுவில் ஆசிரியை:
இந்தப் பயத்தைக் காட்டித்தானே ஐயா, எத்தனையோ பெண்களைப் பேசவிடாமல் வைத்திருக்கிறோம்? குடித்துவிட்டு அடித்தவரின் மானத்துக்காக அடிவாங்கியவர் வாயைத் திறக்கவில்லை. அதற்குக் குடும்பக் கௌரவம் என்று பெயரும் வைத்தோம்.

பழைய அங்கத்தவர்:
அடித்தவருக்காக நான் வாதாடவில்லை, பிள்ளை. அவருடைய மகளை நினைத்துப் பாருங்கள். அவளுக்குக் கலியாணம் பேசும் நேரத்தில் இந்தக் கதை மேடையேறினால்? கைதட்டல் சொன்னவருக்கு, விசாரிப்பு அவளுக்கு.

ஏ9 பயணி:
எனக்கு வேறு கோபம். போர் முடிந்தபின் 2010இல் அரசு நியமித்த நல்லிணக்க ஆணைக்குழு வடக்குக்கு வந்தது. தாய்மார் வரிசையில் நின்று பிள்ளையைத் தொலைத்த கதையைச் சொன்னார்கள். 2016இல் அரசின் கருத்தறியும் செயலணி வந்தது. மறுபடியும் சொன்னார்கள். இடையில் தொண்டு நிறுவனங்கள், ஆய்வு மாணவர்கள், பத்திரிகையாளர்கள். என் பெரியம்மாவிடம் ஒரு பிளாஸ்ரிக் கோவை இருக்கிறது. மகனின் பாடசாலைப் படம், பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு, செஞ்சிலுவைக் கடிதம், எல்லாம் அந்த ஒழுங்கில். எந்த இடத்தில் கேட்பவர் பேனாவை எடுப்பார் என்பதுகூட அவருக்குப் பாடம். இப்போது நீங்கள் ஐந்து நிமிடம் தருகிறீர்கள். முடிவில் கைதட்டவும் போகிறீர்களா?

கோண்டாவில் வாசகன்:
அங்கெல்லாம் கேள்வி வந்தவர்களுடையது. பெரியம்மா பதில்தான் சொன்னார். இங்கே அவர் விரும்பினால் மகனைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், தான் சைக்கிள் ஓடப் பழகிய கதையைச் சொல்லிவிட்டு இறங்கலாம்.

ஏ9 பயணி:
சபை அதைக் கேட்குமா? அவரைக் கண்டதும் எல்லோரும் மற்றக் கதைக்குத்தான் காத்திருப்பார்கள்.

நாவற்குழியான்:
ஏன் எல்லோரும் அழுவதற்கே ஆயத்தமாகிறீர்கள்? போரின்போது அரசு போட்ட பொருளாதாரத் தடைக் காலத்தில், பெற்றோல் கிடைக்காமல், மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய ஊர் இது. நாலு துளி பெற்றோலை விட்டு, உதைத்து, இயந்திரம் பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, வீதியெல்லாம் புகையாகப் பெண் பார்க்கப் போன மாப்பிள்ளைமார் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை ஏற்றுங்கள்.

ஆனால் 'உண்மை' என்ற விதியை எப்படிக் காப்பாற்றுவீர்கள்? 1995 ஒக்டோபர் 30 இரவு, இராணுவம் நெருங்கி வர, யாழ்ப்பாணத்தின் வலிகாமமே வெளிக்கிட்டுக் கிழக்கே தென்மராட்சிக்குப் போனது. எங்கள் வீட்டில் அதை மூன்று பேர் சொல்வார்கள். அப்பாவின் கதையில் சைக்கிளை உருட்டியவர் அப்பா. சித்தப்பாவின் கதையில் சித்தப்பா. அம்மம்மாவின் கதையில் சைக்கிளே இல்லை. அதோடு எங்கள் சபை சும்மா கேட்கிற சபையா? 'அது செவ்வாய் இல்லை, திங்கள்' என்று யாராவது எழும்புவார்கள்.

உடுவில் ஆசிரியை:
மூவரையும் ஏற்றுங்கள், அதுதான் நல்ல நிகழ்ச்சி. என் கவலை வேறு. மேடை என்றதும் எங்கள் குரல் மாறிவிடுகிறது. தமிழ்த்தினப் போட்டிக்குப் பழக்கிய நாக்கு 'அவையோரே' என்றுதான் தொடங்கும். வில்லிசையும் கதாப்பிரசங்கமும் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் அந்த மேடைகளில் புராணக் கதையைத்தான் கேட்டோம், 'நான்' என்று ஒருவர் தன் கதையைச் சொல்லக் கேட்டது அரிது. எங்கள் மாதர் சங்கத்தில் ஒருவரை இடப்பெயர்வைப் பற்றிப் பேசச் சொன்னேன். 'அல்லற்பட்டு ஆற்றாது அழுத கண்ணீர்' என்று குறளோடு ஆரம்பித்தார். நிறுத்தி, அன்றிரவு கையில் என்ன இருந்தது என்று கேட்டேன். தையல் மெசினின் தலையைக் கழற்றி, உரப்பையில் சுற்றித் தோளில் வைத்துப் போனாராம். ஊசியைக் கழற்ற மறந்துவிட்டார். சட்டைக் கழுத்தை விலக்கித் தழும்பைக் காட்டினார். அதன் பிறகு குறள் வரவேயில்லை. இதைப் பழக்காமல் மேடையை மட்டும் போட்டால் இன்னொரு பேச்சுப்போட்டிதான் நடக்கும்.

ஸ்காபரோ வாசி:
அருமையான முயற்சி. நேரலையாகப் போடுங்கள், நாங்களும் பார்க்கலாம்.

ஏ9 பயணி:
நேரலை என்றால் எங்கள் வீட்டில் இருந்து ஒருவரும் வரமாட்டோம்.

கோண்டாவில் வாசகன்:
நேரலை இல்லை, பதிவும் இல்லை. கைத்தொலைபேசியை வாசலில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வரலாம். பழைய அங்கத்தவர் ஐயாவுக்காக இன்னொரு விதி: கதையில் வருபவர் உயிரோடு இருந்தால் அவரிடம் முன்கூட்டியே சம்மதம் கேட்க வேண்டும்.

உடுவில் ஆசிரியை:
அடித்தவரிடமுமா?

கோண்டாவில் வாசகன்:
சரி. அந்த விதியை எடுத்துவிடுகிறேன்.

பழைய அங்கத்தவர்:
எடுத்தால் நான் இணங்க மாட்டேன். நிர்வாக சபையிலும் இதையே சொல்வேன். மண்டபத் திறப்பு பொருளாளரிடம் இருக்கிறது, தம்பி. பொருளாளர் யாரென்று உங்களுக்குத் தெரியும்தானே?