இரவில விட்டால் விடிய பற்றரி இறங்கி நிக்குது – டீசல் டபுள் கெப்

கேள்வி | உப்புவெளி

ஹைலக்ஸ் டீசல் டபுள் கெப். 70 ஏ.எச். (அம்பியர்-மணி) பற்றரி, போட்டு எட்டு மாதம். பின்னேரம் நிப்பாட்டி ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு 12.5 வோல்ட், விடிய 11.7. சாவியைத் திருப்பினால் ‘டிக்’ எண்ட சத்தம் மட்டும். ஐட்லிங்கில பற்றரி முனையில 13.4 காட்டுது. மீன் பெட்டி ஏத்துற வாகனம். ரேடியோவும் ஜி.பி.எஸ். ட்ராக்கரும் பிறகு பூட்டினது. கராஜில அல்டர்னேற்றரை (எஞ்சின் ஓடேக்க பற்றரியை ஏத்துற சாமான்) மாத்தச் சொல்லுகினம். அதுக்கு முதல் என்னத்தைப் பாக்கவேணும்?

பதில் | கன்னியா

காசைச் செலவழிக்க முதல் கணக்கைப் பாருங்கோ. 12.5 எண்டால் ஏறக்குறைய 80 வீதம், 11.7 எண்டால் காலி. ஒரு இரவில 50 ஏ.எச். அளவு போயிருக்கு, 12 மணித்தியாலத்துக்குப் பிரிச்சால் நாலு அம்பியருக்குக் கிட்ட. ரேடியோ மெமரி, மணிக்கூடு, ட்ராக்கர் எல்லாம் சேர்ந்து வழமையா 50 மில்லி அம்பியருக்குள்ள நிக்கும். அது பற்றரியை இறக்க வாரக்கணக்கில ஆகும். ஒண்டில் பெரிய இழுவை (நிக்கிற வாகனம் எடுக்கிற மின்) இருக்கு, இல்லாட்டி பற்றரியே பலம் இழந்திட்டுது.

ரெண்டையும் பிரிக்கிறது லேசு. சார்ஜரில 7 அம்பியர் வைச்சு முழுசா ஏத்தி, மைனஸைக் கழற்றிவிட்டு ஒரு இரவு வையுங்கோ. விடிய 12.6 நிண்டால் பற்றரியில பெரிய கோளாறில்லை, வாகனம்தான் குடிக்குது. கழற்றி வைச்சும் 12.3க்குக் கீழ வந்தால் ஹைட்ரோமீற்றரால (அசிட்டின்ர அடர்த்தி காட்டுற கருவி) ஆறு செல்லையும் பாருங்கோ. ஒரு செல்லின்ர அடர்த்தி மற்றதுகளை விட 0.050 குறைஞ்சிருந்தால் அந்தப் பற்றரி இனிச் சரிவராது.

ஓடுற எஞ்சினில கிளாம்பைக் கழற்றி அல்டர்னேற்றரைச் சோதிச்சுப் பாக்க ஒருத்தரையும் விடாதேங்கோ. பற்றரி இல்லாத நேரம் வோல்ட் பாய்ஞ்சு ஏறும், அல்டர்னேற்றருக்குள்ள இருக்கிற நல்ல டயோட்டும் (மின்னை ஒரு பக்கம் மட்டும் விடுறது) ஈ.சி.யு.வும் (எஞ்சின் கம்பியூட்டர்) அதில எரிஞ்சுபோகும்.

பதில் | கிண்ணியா

இழுவை அளக்கிற முறை: சாவியை எடுத்து, கதவைத் திறந்து வைச்சு, கதவுப் பூட்டை ஸ்க்ரூட்ரைவரால தள்ளிப் பூட்டினமாதிரி ஆக்குங்கோ. மீற்றரின்ர சிவப்பு வயரை 10 அம்பியர் குழிக்கு மாத்தி, மைனஸ் முனைக்கும் கழற்றின கிளாம்புக்கும் நடுவில குடுங்கோ. அரை மணித்தியாலம் பொறுக்கவேணும், அதுக்குள்ள வாசிப்பு தானா இறங்கும். மீற்றர் பூட்டியிருக்கேக்க சாவியைப் போட்டால் குளோ பிளக் (டீசல் எஞ்சினை ஸ்டார்ட்டுக்கு முதல் சூடாக்கிறது) இழுக்கிற இழுவையில மீற்றர் பியூஸ் போயிடும்.

பியூஸை ஒவ்வொண்டாக் கழற்றவேண்டாம், உறங்கின எலக்ட்ரோனிக் பெட்டியள் திரும்ப முழிக்கும். பியூஸ் தலையில தெரியிற ரெண்டு உலோகப் புள்ளியிலயும் மில்லிவோல்ட் பாருங்கோ. பூச்சியம் இல்லாத பியூஸாலதான் மின் ஓடுது. எல்லாம் பூச்சியமா இருந்தும் இழுவை நிண்டால் அல்டர்னேற்றர் டயோட், குளோ பிளக் ரிலே பக்கம் போங்கோ. விடிய எஞ்சின் குளிரா இருக்க அல்டர்னேற்றர் மட்டும் கைக்குச் சூடா இருந்தால் டயோட்தான்.

எண்டாலும் முதல் பாக்கவேண்டியது ஸ்ரொப் லைட். 21 வாட் பல்ப் ரெண்டும் 3.5 அம்பியர், 12 மணித்தியாலத்துக்கு 42 ஏ.எச்.; உங்கட கணக்குக்குக் கிட்ட வருது. பிரேக் பெடலுக்கு மேல இருக்கிற சுவிச்சை அமத்திப் பிடிக்கிறது பெடலில இருக்கிற ஒரு சின்னப் பிளாஸ்ரிக் பொத்தான். அது காய்ஞ்சு உடைஞ்சால் சுவிச் வெளிய வந்து, சாவி இல்லாமலே லைட் எரியும். வெயிலில தெரியாது, இருட்டினாப் பிறகு பின்னால போய்ப் பாருங்கோ. கால்மிதி விரிப்பில பிளாஸ்ரிக் துண்டு கிடக்குதோ எண்டும் பாருங்கோ.

கேட்டவர்

துண்டு விரிப்பிலதான் கிடந்தது. மீற்றரில 3.6 அம்பியர், சுவிச்சைக் கையால அமத்த 0.03. அப்ப ஐட்லிங்கில காட்டின 13.4 வோல்ட்?

பதில் | கன்னியா

இறங்கின பற்றரியில எடுத்த 13.4ஐ வைச்சு அல்டர்னேற்றரைக் குறை சொல்லேலாது. காலியான பற்றரி மின்னை விழுங்கேக்க வோல்ட் தாழும். பொத்தானை மாத்தி, சார்ஜரால முழுசா ஏத்திப்போட்டு, 2000 சுற்றில ஹெட்லைட்டும் புளோவரும் போட்டு அளவுங்கோ. 13.8க்கும் 14.5க்கும் இடையில வரவேணும்.

வராட்டி அதே நிலையில அல்டர்னேற்றரின்ர பி பிளஸ் (மின் வெளிய வாற) போல்டுக்கும் பற்றரி பிளஸுக்கும் இடையில ஒருக்கா, அல்டர்னேற்றர் உடம்புக்கும் பற்றரி மைனஸுக்கும் இடையில ஒருக்கா பாருங்கோ. ஒவ்வொண்டும் 0.2 வோல்டுக்குள்ள இருக்கவேணும். ரெண்டும் சரியா இருந்து வோல்ட் மட்டும் குறைஞ்சால்தான் பிரஷ், ரெகுலேற்றர் எண்டு அல்டர்னேற்றரைக் கழற்றவேணும். கடற்கரையில மீன்தண்ணி வடியிற வாகனத்தில ஏர்த் வயரின்ர லக்குக்குள்ள (வயர் நுனியில அடிச்சிருக்கிற உலோகக் காது) பச்சை பூத்திருக்கும், வெளிய பாக்க நல்ல வயர் மாதிரியே இருக்கும். லக்கை வெட்டிப்போட்டுப் புதுசு அடிச்சு, சேஸிஸ் வெள்ளையாத் தெரியுமட்டும் சுரண்டி இறுக்கி, மேல கிறீஸ் பூசுங்கோ.